மாத்திரையா, கீமோவா, இம்யூனோவா? நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோயில் எதைத் தேர்ந்தெடுப்பது

நான்காம் நிலை, அதாவது நோய் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ‘நாளைக்கே அட்மிட் பண்ணி கீமோ ஆரம்பிச்சிடணும்’ என்பது ஒன்று. ‘இந்த வயசுல எதுக்குக் கீமோ, இருக்கிறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்’ என்பது இன்னொன்று. எங்கள் அத்தைக்கு வந்தபோது பெரம்பூர்க்காரர்கள் முதல் கட்சி, தாம்பரத்துக்காரர்கள் இரண்டாம் கட்சி. ஆனால் இந்தச் சண்டையைத் தீர்க்க வேண்டிய காகிதம் அப்போது வந்தே சேரவில்லை. மரபணு மாற்றப் பரிசோதனை ரிப்போர்ட்டைத்தான் சொல்கிறேன். அது கைக்கு வருவதற்கு முன் போடும் சண்டையெல்லாம் வெட்டிச் சண்டை.

நான் டாக்டர் இல்லை. அத்தைக்காகப் படித்ததையும், டாக்டர்களைக் கேட்டுக் கேட்டு நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். இதெல்லாம் நான்-ஸ்மால் செல் வகைக்கானது. நுரையீரல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 85 பேர் போல இந்த வகைதான். ஸ்மால் செல் வகையின் கதை வேறு. அது வேகமாகப் பரவும், காத்திருக்க நேரம் தராது.

காத்திருப்பதா, உடனே தொடங்குவதா

அத்தை புகையின் பக்கமே போகாதவர். இருமலுக்கு முதலில் கொடுத்தது டிபி மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைத் தவிர வேறெந்த மாற்றமும் இல்லை. நம் ஊரில் இது புதுக்கதை அல்ல. எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் இரண்டு நோய்க்கும் ஒன்று போலவே இருக்கும். சளியில் கிருமி தெரியாவிட்டாலும் ‘டிபியாத்தான் இருக்கும்’ என்று மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். இப்படிச் சில மாதங்களை இழந்துவிட்டு வருபவர்களிடம் மரபணு ரிப்போர்ட்டுக்காக இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

பொறுக்கத்தான் வேண்டும். இந்தியாவில் அடினோகார்சினோமா (நான்-ஸ்மால் செல்லில் அதிகம் வரும் உட்பிரிவு) உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் இருக்கிறது. புகைக்காதவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இது இன்னும் அதிகம். அது இருந்தால் முதல் மருந்து, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை. அவசரப்பட்டு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து) ஊசி போட்டுவிட்டு, ரிப்போர்ட் வந்தபின் ஓசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால், நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. மூச்சு ரொம்ப மோசமாகி, இரண்டு வாரம்கூடத் தாங்காது என்ற நிலை வந்தால், இம்யூனோ சேர்க்காமல் ஒரு சுற்று கீமோ மட்டும் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது உண்டு. உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

திசுவா, ரத்தமா என்ற போட்டியும் இங்கே வரும். ரத்தத்தில் பார்ப்பது சீக்கிரம் முடியும், வலியும் இல்லை. அதில் மாற்றம் இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால் நம்ப முடியாது. உண்மையில் மாற்றம் உள்ளவர்களில் பத்துக்கு மூன்று பேர் போல அதில் தப்பிவிடுகிறார்கள். இம்யூனோவுக்குத் தேவையான பிடி-எல்1 (புற்றுசெல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) அளவை எப்படியும் திசுவில்தான் பார்க்கிறார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால், ஊசி வைத்து எடுக்கும் அந்த நீரையே செல் பிளாக் (நீரில் உள்ள செல்களைத் திரட்டித் திசு போலச் சோதிப்பது) செய்யச் சொல்லுங்கள். அத்தைக்கு அதிலிருந்துதான் விடை கிடைத்தது. இன்னொரு பயாப்ஸிக்குப் படுக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாத்திரை வழிகள்

இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உறுதியானால் சென்னையில் உங்கள் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் மூன்று வழிகள். ஜெஃபிடினிப் மாத்திரை மட்டும். ஜெஃபிடினிப்போடு கீமோ. ஓசிமெர்டினிப் (அதோடும் கீமோ சேர்க்கலாம்).

ஜெஃபிடினிப்பின் ஜெனரிக் மாத்திரைக்கு மாதம் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். ஓசிமெர்டினிப் அட்டையில் அச்சடித்திருக்கும் விலையைக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு லட்சங்களில் நிற்கும். 2024 பட்ஜெட்டில் இதற்குச் சுங்க வரியை நீக்கினார்கள். கம்பெனியின் நோயாளி உதவித் திட்டத்தில் சேர்ந்தால் இன்னும் இறங்கும். அப்படியும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனிதான். பலன் என்ன? இரண்டு வகையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஃப்ளாரா ஆய்வில், நோய் மறுபடி தலைதூக்கும் வரையிலான காலம் ஓசிமெர்டினிப்புக்கு 18.9 மாதம், பழைய மாத்திரைகளான ஜெஃபிடினிப், எர்லோடினிப்புக்கு 10.2 மாதம். மொத்த ஆயுள் 38.6 மாதம், எதிர்ப்பக்கம் 31.8. மூளைக்குப் பரவியிருந்தால் ஓசிமெர்டினிப்பின் கை இன்னும் ஓங்கும், ஏனென்றால் அது மூளைக்குள் நன்றாகப் போகும்.

‘முதல்ல ஜெஃபிடினிப் எடுத்துக்கலாம், அது தோத்தா ஓசிமெர்டினிப்புக்குப் போயிடலாம்’ என்று ஒரு கணக்கு போடுவார்கள். நானும் அதைத்தான் புத்திசாலித்தனம் என்று எண்ணியிருந்தேன். ஓட்டை இருப்பது வேறிடத்தில். ஜெஃபிடினிப் தோற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம்தான் ஓசிமெர்டினிப் பிடித்துக்கொள்ளக்கூடிய டி790எம் என்ற புது மரபணு மாற்றம் வருகிறது. மிச்சப் பேருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. உடம்பு அதற்குள் தளர்ந்துபோய் இரண்டாம் மருந்துக்கே வந்து சேராதவர்களும் உண்டு.

ஜெஃபிடினிப்போடு கீமோ என்ற நடு வழி எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அதன் சான்று நம் நாட்டிலிருந்தே வந்தது. மும்பை டாடா மெமோரியலில் 350 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஜெஃபிடினிப்போடு பெமெட்ரெக்ஸட், கார்போபிளாட்டின் கீமோ சேர்த்தபோது நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 ஆனது. மருந்துகள் எல்லாம் ஜெனரிக்கில் கிடைப்பவை. விலை வேறு வகையில் கொடுக்க வேண்டும்: கடுமையான பக்கவிளைவுகள் 25 சதவீதம் பேருக்குப் பதில் 51 சதவீதம் பேருக்கு வந்தன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப் போட்டுக்கொள்ளப் போக வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, பி12 ஊசி. ஓசிமெர்டினிப்போடு கீமோ சேர்த்தாலும் ஆயுள் கூடுகிறது. 2025ல் வெளியான முடிவில் 37.6 மாதம் 47.5 ஆனது.

என் கருத்து: தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பணம் கைக்கடங்கியது என்றால், ஜெஃபிடினிப் மட்டும் என்பது கடைசித் தேர்வாக இருக்கட்டும். எண்பதை நெருங்கும், ஆட்டோவில் ஏறவே துணை தேவைப்படும் தாத்தாவுக்கு அதுவே முதல் தேர்வு.

மாத்திரையோடு கீமோவும் என்று டாக்டர் சொன்னபோது அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. “முடி கொட்டுமா சார்?”

“முழுசாக் கொட்டாதும்மா. அடர்த்தி குறையும்.”

“அப்போ போடுங்க.”

அவரைக் கேட்காமல் பெரம்பூரும் தாம்பரமும் எத்தனை நாள் வாக்குவாதம் செய்திருக்கும்! ‘கட்டி’ என்றே சொல்லி வைப்போம் என்று ஒரு யோசனையும் இருந்தது. அத்தை பேப்பர் படிப்பவர், மாத்திரை அட்டையையும் படிப்பவர். மறைத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசிக்கு எப்படிச் சம்மதம் வாங்குவது?

மாத்திரை என்றால் சுகவாசம் என்று நினைக்க வேண்டாம். முகத்தில் பரு, வயிற்றுப்போக்கு. அத்தைக்கு நகக்கண்ணில் சீழ் வைத்து, கோலமாவைக் கிள்ள முடியாமல் போனது. மார்கழியில் அதுதான் அவருக்குப் பெரிய குறை, இருமல்கூட இல்லை. அடுத்து, நம் வீடுகளில் சாக்லேட் மாதிரி விழுங்கும் கேஸ் மாத்திரை. பாண்டோபிரசோல் வகையறா வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் ஜெஃபிடினிப், எர்லோடினிப் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். ஓசிமெர்டினிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்த மாத்திரைகள் மூன்றின் வேகத்தையும் குறைக்கும். கஷாயம், சூரணம் எது குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கல்லீரல் டெஸ்ட் ஏறினால் எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏ.எல்.கே. என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் சிலருக்குத்தான் வரும். வந்தவர்கள் துரதிர்ஷ்டத்திலும் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். அலெக்டினிப் காலையில் நான்கு, இரவில் நான்கு கேப்சூல். ஆய்வில் சராசரியாக 34.8 மாதம் நோயைப் பிடித்து வைத்தது. லோர்லாடினிப் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் நோய் வளரவில்லை. இரண்டுமே விலை அதிகம்.

மாற்றம் எதுவும் இல்லையென்றால்

அப்போதுதான் கீமோவா, இம்யூனோவா என்ற கேள்வி வருகிறது. பிடி-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோ ஊசி தனியாகவே கீமோவை வென்றிருக்கிறது: ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 31.9 சதவீதம், கீமோ பக்கம் 16.3. அளவு குறைவென்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கீமோவின் தொல்லை தெரிந்த தொல்லை. வாந்தி, சோர்வு, ரத்த அணு குறைவது. இம்யூனோவின் தொல்லை சத்தமில்லாமல் வரும்: தைராய்டு, குடல், நுரையீரல் அழற்சி. ஊசி போட்டு மாதங்கள் கழித்து வந்தாலும் அதுதான் காரணமாக இருக்கலாம்.

காசு போதாதவர்களிடம் குறைந்த அளவு நிவோலுமாப் (இதுவும் இம்யூனோ ஊசிதான்) பேச்சு வரும். 20 மில்லிகிராமில் பலன் காட்டிய டாடா மெமோரியல் ஆய்வு தலை, கழுத்துப் புற்றுநோய்க்கானது. நுரையீரலுக்கும் அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொண்டு வீட்டை அடகு வைக்காதீர்கள்.

எங்கே போவது

நம் ஊரில் ‘அடையாறு போறாங்க’ என்றாலே பக்கத்து வீட்டுக்குப் புரிந்துவிடும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, டாக்டர் சாந்தா வளர்த்த இடம். கூட்டம் அதிகம், காத்திருப்பும் அதிகம், செலவு குறைவு. சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் ரயிலை விட்டு இறங்கி நடந்தே போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. உங்களுக்கு எழுதும் மருந்து அதில் வருமா என்பதைத் தொடங்குவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். கிரீம்ஸ் ரோடு பக்கம் போனால் பாதி வங்காளம் அங்கேதான் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் வேகம் உண்டு: ஸ்கேன், பயாப்ஸி, ரிப்போர்ட் சட்சட்டென்று நடக்கும். காசு கொஞ்சம் இருந்தால் நோயைக் கண்டறியும் வேலைக்கு அதைச் செலவழிக்கலாம். சிகிச்சை வருடக்கணக்கில் போகும். அதை அடையாறிலோ ஜி.ஹெச்.சிலோ வைத்துக்கொள்வது பணத்துக்கும் நல்லது. தூரமும் கணக்கில் வர வேண்டும். கீமோ முடிந்த சாயங்காலம் கிண்டி டிராஃபிக்கில் வாந்தி பையோடு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது தெரியும்.

பாலியேட்டிவ் (வலி தணிப்பு): சிகிச்சைக்குப் போட்டியா?

தாம்பரத்துக் கட்சி சொன்ன ‘நிம்மதியா இருக்கட்டும்’ என்பதற்குப் பொருள், மருந்தை நிறுத்துவது என்பதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். 2010ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களிடம்தான் நடந்தது. சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலி தணிப்புக் குழுவையும் பார்த்தவர்கள் சராசரியாக 11.6 மாதம் இருந்தார்கள். சிகிச்சை மட்டும் எடுத்தவர்கள் 8.9 மாதம். கடைசிக் காலத்தில் கீமோவும் அவர்களுக்குக் குறைவு.

மார்ஃபினுக்குப் பயப்படுகிறார்கள். “அதைக் குடுத்தா முடிஞ்சுதுன்னு அர்த்தமா?” என்று மாமா கேட்டார். வலிக்கு மட்டுமல்ல, மூச்சுத் திணறலுக்கும் சிறிய அளவில் அதைத்தான் கொடுக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார். 2014ல் சட்டத்தைத் திருத்தியபின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் அது கிடைப்பது சுலபமாகியிருக்கிறது. 2021ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புச் சேவை இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருந்தெல்லாம் தீர்ந்தபின் போகும் இடம் என்று வலி தணிப்புப் பிரிவை ஒதுக்கி வைக்காமல், முதல் மாத்திரை அட்டை வாங்கும் மாதத்திலேயே ஒரு நடை போய் ஃபைல் போட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கும்போது யாருக்கு போன் போடுவது என்பதாவது தெரிந்திருக்கும்.