நாய்க்கான ஜெல் பாய்: கொழும்பு வெக்கைக்குத் தாக்குப்பிடிக்குமா?

பங்குனி, சித்திரை வெக்கையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பிளாட்களில் வளரும் நாய்களுக்கு, உள்ளே ஜெல் நிரப்பிய இந்தப் பாய் நல்ல உதவி. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. மின்சாரமோ ஐஸோ தேவையில்லை. நாய் படுத்ததும் உடம்புச் சூட்டை ஜெல் இழுத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் பாயே சூடேறிவிடும், நாய் எழும்பிய பிறகுதான் ஆறும். பல்கனி வெயிலில் விரித்தால் காசு வீண். நிழலில், டைல்ஸ் தரையில், ஃபேன் காற்றுப் படும் இடத்தில் போடுங்கள். மேலே பெட்ஷீட் வேண்டாம்.

வாங்கும்போது ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஒட்டு ஒடுக்கமாக இருந்தால் பிரிந்து ஜெல் கசியும். கடிக்கிற குட்டிகளுக்கு இது வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு ஈரத் துவாயைத் தரையில் விரித்தால் போதும். துவாயை நாயின் மேல் போர்த்தினால் சூடு உள்ளே அடைபடும்.

கொழும்பின் ஈரப்பதத்தில் மூச்சிரைப்பால் சூடு சரியாக வெளியேறாது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் பாவம், இன்னும் திணறும். உடல்வெப்பம் 39 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இருப்பது சாதாரணம். 41ஐத் தொட்டால் உயிராபத்து. விடாமல் மூச்சிரைத்து, எச்சில் தடித்து, தள்ளாடினால் பாயில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பைப் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேனைப் போட்டு, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வாகனத்திலும் ஏசி ஓடட்டும்.