"பொலிஸ் வழக்கு முடியட்டும் தம்பி" என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

அடிபட்டுக் காயப்பட்டு, அடித்தவரிடம் நட்டஈடு கேட்டு வழக்குப் போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "முதலில் பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு சிவில் வழக்கைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அப்படிச் சொன்னவர் 75,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார். காசு போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வழக்குப் போடும் உரிமையும் அதோடு போய்விட்டது.

இலங்கையின் மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி, வெயில் கால நெற்செய்கையான சிறுபோகம் செய்கிறவர்களுக்கு வாய்க்கால் சண்டை புதிதல்ல. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானை முறை வைத்துத் தண்ணீர் விடுவார். இரவோடிரவாக யாராவது வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிவிடுவார். விடிந்ததும் வரம்பில் நின்று வாய்த்தர்க்கம். வழக்கமாக அது பேச்சோடு முடியும். என் விடயத்தில் மண்வெட்டிப் பிடி வரைக்கும் போனது. தலைக்கு வந்த அடியை இடது கையால் தடுத்தேன். முன்கை எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். அந்தப் போகம் முழுக்கக் கூலிக்கு ஆள் பிடித்தே வேலை நடந்தது.

பொலிஸ் முறைப்பாடு, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை, நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு, இவையெல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எனக்குக் குறையில்லை. தவணைக்குப் போய்வரும் நாட்களில்தான் அந்த ஆள் அறிமுகமானார்.

நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் காலையிலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனை, கையில் நிறம் மங்கிய பிளாஸ்டிக் கோவை. கோவைக்குள் எப்போதும் நாலைந்து பேருடைய அடையாள அட்டைப் பிரதிகள் இருக்கும். சட்டத்தரணி ஒருவரின் பெயரைச் சொல்லி "நம்முடைய சேர்" என்பார். என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, அவன் தண்டப்பணம் கட்டினால் அது அரசாங்கத்துக்குத்தான் போகும், உங்களுக்கு ஒரு சதமும் வராது. நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும்" என்றார். இதில் பெரும்பகுதி உண்மைதான்; நீதவானும் நட்டஈட்டுக்குக் கட்டளையிடலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. இத்தகையவர்கள் தொடங்கும்போது உண்மையைத்தான் சொல்வார்கள். அதனால்தான் அடுத்து வருவதையும் நாம் நம்பிவிடுகிறோம்.

சில தாள்களில் கையொப்பம் வாங்கினார். அவற்றில் இரண்டு வெற்றுத் தாள்கள். முத்திரைச் செலவு, சேருக்கான முற்பணம், நட்டஈடு கேட்டு அடித்தவருக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்துக்குக் காசு என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். பற்றுச்சீட்டுக் கேட்டபோது, "அண்ணனை நம்பவில்லையா?" என்று முகத்தைச் சுருக்கினார். ஒரு சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் வழக்கு இலக்கம் என்று எதையோ எழுதித் தந்தார். வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று கேட்கும்போதெல்லாம் பதில் ஒன்றுதான்: "பொலிஸ் வழக்கு முடியாமல் இதை எடுத்தால் நீதிபதி தூக்கி எறிந்துவிடுவார் தம்பி, பொறுங்கள்."

பொறுத்தேன். நீதவான் நீதிமன்ற வழக்கோ சாட்சி வரவில்லை, அறிக்கை வரவில்லை என்று நீண்டுகொண்டே போனது. இரண்டு வருடம் கடந்துவிட்டது.

மாவட்ட நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த அட்டையைக் காட்டியபோது உண்மை வெளிவந்தது. எழுதுவினைஞர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த இலக்கத்தில் இருப்பது ஒரு காணிப் பங்கீட்டு வழக்கு என்றார். அதிலுள்ள ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் பெயரில் எந்த வழக்கும் இல்லை. பெயர் சொல்லப்பட்ட சட்டத்தரணியைத் தேடிப் பிடித்தேன். அவர் என்னைக் கண்டதில்லை. அந்த ஆளைத் தெரியும், ஆனால் தன் அலுவலகத்தில் வேலை செய்பவர் இல்லை என்றார். மனிதர் பெரிதாகக் கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பட்ட இன்னோர் அடி.

சட்டத்தை அவர்தான் விளக்கினார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவின்படி இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கான வழக்கை, அதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அடிபட்ட நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கிவிடும். பொலிஸ் வழக்கு நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. கோரிக்கைக் கடிதம் அனுப்பினாலும் நிற்காது. பொலிஸ் வழக்கு முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் சட்டமும் இல்லை. இரண்டு வழக்கும் ஒரே காலத்தில் இரண்டு நீதிமன்றங்களில் நடக்கலாம். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் உண்மையாக இருக்கும் சாத்தியம் கூடுதலோ அது போதும். ஆகவே அங்கே எதிரி விடுதலையானாலும் இங்கே நட்டஈடு கிடைக்க இடமிருக்கிறது.

என்னென்ன கேட்டிருக்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல வயிறு எரிந்தது. நம் நாட்டில் இத்தகைய வழக்குகள் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி நடக்கின்றன. மருந்துச் செலவு, போக்குவரத்து, வேலைக்குப் போக முடியாமல் இழந்த வருமானம், இனிமேல் இழக்கப்போகும் வருமானம், பட்ட வலி, இவையெல்லாம் கேட்கலாம். வேண்டுமென்றே அடித்தது அவமானப்படுத்தியதாகவும் கொள்ளப்படுவதால், எலும்பு முறியாத வெறும் கன்னத்து அறைக்கும் வழக்குப் போட முடியும். கேட்கும் தொகை சிறியதென்றால் முதலில், தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு வர வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தச் சபையில் சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது. "சபையில் பேசித் தருகிறேன்" என்று காசு கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று இப்போது விளங்கும்.

உங்கள் வழக்கு உண்மையில் போடப்பட்டிருக்கிறதா என்று அறிய யாருடைய தயவும் தேவையில்லை. பதிவாளர் அலுவலகத்தில் இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். வழக்காளி என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும். உங்களுக்காக ஆஜராக நீங்கள் சட்டத்தரணியை நியமித்த நியமனப் பத்திரம் வழக்குக் கோவையில் இருக்க வேண்டும். சட்டத்தரணியை அவருடைய அலுவலகத்தில் நேரில் கண்டு காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கிளினிக் கொப்பி, மருந்துப் பற்றுச்சீட்டு, எக்ஸ்ரே எதையும் மூலப்பிரதியாக யாரிடமும் விடாதீர்கள். என் எக்ஸ்ரே இன்னும் அந்த ஆளின் வீட்டில் இருக்கிறது. கேட்டால் "தேடிப் பார்க்கிறேன் தம்பி" என்கிறார்.

வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். மட்டக்களப்பில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து உதவுகிறார்கள்.

அந்த ஆள் சட்டத்தரணியாக இருந்திருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு முறையிட்டிருக்கலாம். அவர் எதுவுமே இல்லாதபடியால், ஏமாற்றிப் பணம் பறித்ததாகப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு வந்தவர், காசு கடனாக வாங்கியது என்று சொன்னார். கொஞ்சத்தைத் திருப்பித் தந்துவிட்டு மீதிக்குத் தவணை கேட்கிறார். வெற்றுத் தாள்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவற்றை இழந்துவிட்டதாகத் தனியாக ஒரு முறைப்பாடு பதியப் பொலிஸார் சொன்னார்கள், பதிந்துவிட்டேன்.

மாவட்ட நீதிமன்றத்துக்கு இனிப் போக வழியில்லை. மிச்சமிருப்பது ஒன்றுதான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், குற்றவாளியாகக் காணப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. கையிலிருக்கும் பற்றுச்சீட்டுகளையும் கூலி கொடுத்த கணக்கையும் பிரதியெடுத்து, என் சார்பில் ஆஜராகும் சட்டத்தரணியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் எனக்குக் கையெழுத்திட்டுப் பற்றுச்சீட்டுத் தந்தார்.