கரடிக்கும் திறக்கவில்லை, எனக்கும் திறக்கவில்லை: ஒரு டப்பாவோடு ஏழு வருடம்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சி, ஜான் மியூர் டிரெயில் பெர்மிட் விழுந்துடுச்சு. கரடி டப்பா நீ வச்சிருக்கறதையே வாங்கிடவா?" ஜான் மியூர் டிரெயில் என்பது கலிபோர்னியாவின் சியரா மலைகளில் ஒரு நெடுநடைப் பாதை; கரடி டப்பா என்பது அங்கே நம் சாப்பாட்டைக் கரடியிடமிருந்து காப்பாற்றப் பூட்டி வைக்கும் டப்பா. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். பதில் தட்ட ஆரம்பித்தேன், மூடியைப் பற்றி மட்டுமே நாலு பத்தி போய்விட்டது. சரி, முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. 2018இல் வாங்கியது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பாலிகார்பனேட் உருளை, 11 லிட்டர் சொச்சம் பிடிக்கும், காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். எடையைப் பற்றிப் புலம்ப மாட்டேன். எல்லா டப்பாவும் எடைதான், மூன்றாம் நாள் தோள் மரத்துப் போய்விடும்.

என் பிரச்சினை மூடி. திருகி மூடும்போது இரண்டு முட்டுகள் டக், டக் என்று தாண்டி உட்காரும். அந்தச் சத்தம் கேட்டால் பூட்டியாயிற்று. திறக்க வேண்டுமானால் விளிம்பைக் கட்டை விரலால் உள்ளே அழுத்தி, அழுத்தின நிலையிலேயே திருகி, ஒரு முட்டைத் தாண்டவைத்து, அப்புறம் அதே வேலையை இரண்டாவது முட்டுக்கும் செய்ய வேண்டும். கடையில் செய்து காட்டினார்கள், நானும் செய்தேன், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பத்துத் தடவை செய்தேன், விளையாட்டாக இருந்தது. ஆனால் கடை, கூடம் எல்லாம் 22 டிகிரி. மலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர்ப் பாட்டிலின் மேல் மெல்லிய பனித்தகடு மிதக்கும் குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும், விரலும் விறைத்துவிடும். விறைத்த இரண்டு சாமான்கள் ஒன்றை ஒன்று எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. உள்ளே காபித்தூள் கண்ணுக்கு நேரே தெரிகிறது பாருங்கள், அதுதான் கொடுமை. தகர டப்பாவாக இருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

2019 ஆகஸ்டில் முழுப் பாதையும் நடந்தேன். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் ஹேப்பி ஐல்ஸில் தொடங்கி 4,421 மீட்டர் உயர விட்னி உச்சி வரை, ஏறக்குறைய 340 கிலோமீட்டர், எனக்கு 21 நாள் ஆயிற்று. அப்போது டோனஹ்யூ கணவாய் வழியாகத் தெற்கே போக ஒரு நாளைக்கு 45 பேருக்குத்தான் அனுமதி. பெர்மிட் வாங்கும்போதே டப்பா இருக்கிறதா என்று கேட்டார்கள். வழியில் எதிர்ப்பட்ட ரேஞ்சர் ஒருவரும் பெர்மிட்டைப் பார்த்த கையோடு டப்பாவையும் காட்டச் சொன்னார். சாப்பாடு மட்டும் உள்ளே போனால் போதாது. பற்பசை, உதட்டுக் களிம்பு, சன்ஸ்கிரீன், குப்பை என்று வாசனை உள்ள சகலமும் போக வேண்டும். என் சரக்கைச் சொல்கிறேன்: ரவா உப்புமா மிக்ஸ், அவல், இட்லிப்பொடி, கடலை மிட்டாய், புளிக்காய்ச்சல், சாம்பார்ப் பொடி. கரடியின் மூக்கு நாயின் மூக்கைத் தோற்கடிக்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட மூக்கு இருக்கிற காட்டுக்குள் பெருங்காயத்தைச் சுமந்துகொண்டு போகிறோமே என்று கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

அந்தக் கவலை வீண் போகவில்லை. நாலாவது ராத்திரி லயல் கேன்யனில், புல்வெளி ஓரம், பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம். டப்பாவைச் சொன்னபடி முப்பது மீட்டர் தள்ளி, தண்ணீரில் உருண்டு விழாத இடமாகப் பார்த்து, ஒரு பாறைக்கும் விழுந்து கிடந்த மரத்துக்கும் நடுவில் வைத்திருந்தேன். இரண்டு மணி இருக்கும், கடக் என்று ஒரு சத்தம். அப்புறம் உருளும் சத்தம், கிரானைட் பாறையில் பிளாஸ்டிக் உரசும் சத்தம், புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு ஜிப்பைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து பார்த்தேன். இரண்டு பச்சைக் கண்கள், பழுப்பு நிற முதுகு. பெயர்தான் கருங்கரடி, சியராவில் பாதிக்கு மேல் பழுப்பும் செம்பட்டையுமாகத்தான் திரிகின்றன. மாநிலக் கொடியில் இருக்கிற பெரிய கிரிஸ்லிக் கரடி கலிபோர்னியாவில் அற்றுப்போய் நூறு வருடம் ஆகிறது. அதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது உதவவில்லை. சமையல் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினேன், தமிழில் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. கால் மணி நேரம் உருட்டிவிட்டுப் போய்விட்டது.

விடிந்ததும் தேடினேன். நாற்பது அடி தள்ளிப் புல்லுக்குள் கிடந்தது. மூடி விளிம்பில் நாலு பல் தடம், பக்கவாட்டில் நீளமாக நகக் கீறல், எச்சில் காய்ந்து மண் ஒட்டியிருந்தது. கடலை மிட்டாய் ஒன்றுகூட நொறுங்கவில்லை. கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது. கொடுக்கவில்லை, எச்சில். சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்து, காபி போடலாம் என்று உட்கார்ந்து, திருகினேன். திறக்கவில்லை. கரடி உருட்டியதில் மணல் புரிக்குள் புகுந்துவிட்டது, பனியும் சேர்ந்து இறுகிவிட்டது. கரடிக்குக் கால் மணி நேரம், எனக்கு முப்பத்தைந்து நிமிடம். தொடைக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தேன், பாறையில் தட்டிப் பார்த்தேன், கையை அக்குளில் வைத்துச் சூடாக்கி மறுபடி முயன்றேன். கடைசியில் வெயில் வந்து மூடி மேல் விழுந்த பிறகுதான் விட்டுக்கொடுத்தது. அன்று காலை நான் முழுக்க முழுக்கக் கரடி கட்சி.

இதற்குக் கைவைத்தியம் உண்டு, நாலு நாள் கழித்து எதிரே வந்த ஒரு அம்மையார் சொல்லிக்கொடுத்தார். பழைய பிளாஸ்டிக் அட்டை ஏதாவது ஒன்றை முட்டுக்கும் மூடிக்கும் நடுவே செருகிவிட்டுத் திருகினால், அழுத்தாமலே வழுக்கிக்கொண்டு தாண்டும். அன்றிலிருந்து காலாவதியான நூலக அட்டை ஒன்று நூலில் கோத்து என் முதுகுப்பையில் தொங்குகிறது. இன்னொன்று, பாக்கெட்டுகளை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். உயரம் ஏற ஏற உப்புமா பாக்கெட் தலையணை மாதிரி உப்பி மூடியை அடியிலிருந்து நெட்டும், அப்போது யாராலும் திருக முடியாது. மழைத்தண்ணீரும் புரி வழியாக உள்ளே கசியும். ஆகஸ்டில் மதியம் இடி மழை சாதாரணம், எனக்கு இட்லிப்பொடி கட்டிக் கட்டியாகப் போயிற்று. அதற்கப்புறம் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.

நியூயார்க் அடிரோண்டாக் மலையில் ஒரு பெண்கரடி இருந்தது. இரண்டு காதிலும் மஞ்சள் வில்லை, அதனால் அதற்குப் பெயரே மஞ்சள்-மஞ்சள். பெரிய உருவம்கூட இல்லை, ஆள் எடைதான், கூச்ச சுபாவம் வேறு. அது திருகுமூடி டப்பாவைப் பல்லால் அழுத்தித் திறக்கக் கற்றுக்கொண்டது. ஒரு முட்டு போதவில்லை என்று இரண்டு முட்டு வைத்துச் செய்தார்கள், அதையும் திறந்துவிட்டது. 2012இல் ஒரு வேட்டைக்காரர் சுட்டார். இதைப் படித்த அன்று எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, அவமானம். அதற்குப் பயந்துதானே இரண்டாவது முட்டு, அதோடுதானே நான் தினம் மல்லுக்கட்டுகிறேன்.

கொள்ளளவு விஷயத்துக்கு வருவோம். பாதையில் கடைசியாகச் சரக்கு எடுக்க வசதியான இடம் மியூர் டிரெயில் ராஞ்ச், எல்லோரும் எம்டிஆர் என்பார்கள். முதல் தடவை ஒருவர் "உன் சாப்பாடு எம்டிஆரிலா?" என்று கேட்டபோது, ஆமாம், ரவா இட்லி மிக்ஸும் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். பெயின்ட் வாளி மாதிரி பிளாஸ்டிக் வாளியில் முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பி வைக்க வேண்டும். அங்கிருந்து விட்னி தாண்டி இறங்கும்வரை 170 கிலோமீட்டருக்குமேல், எனக்குப் பத்து நாள். பத்து நாள் சாப்பாடு இந்த டப்பாவுக்குள் போகாது, ஒன்பது நாள் போகும், அதுவும் அவலை மாவாகப் பொடித்து, கடலை மிட்டாயைச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கினால். அப்படித் திணித்ததால் மூடி இன்னும் இறுகியது, அதைப் பற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

இத்தனை ஏற்பாடும் கரடிக்கு. எனக்கு நிஜமாக நஷ்டம் வைத்தது மார்மட். பூனை அளவில் கொழுத்த அணில் என்று வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் வயிறு, பாறை மேல் தாசில்தார் மாதிரி சாய்ந்திருக்கும். மியூர் கணவாயில் 1930இல் கட்டிய கருங்கல் குடிசை ஒன்று இருக்கிறது, அதற்குள் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் கைத்தடிப் பிடியில் பாதி இல்லை. வியர்வை உப்புக்காகக் கடித்திருக்கிறது. இன்னொரு நாள் மான் ஒன்று காயப்போட்ட பனியனை நக்கிக்கொண்டு நின்றது, அதுவும் உப்புக்குத்தான். பைக்கா என்ற முயல்குட்டி மாதிரிப் பிராணி மட்டும் யார் பொருளையும் தொடவில்லை. வாய் நிறையப் புல்லோடு ஓடி ஓடிக் கல் இடுக்கில் குளிர்காலத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அன்று மூடியைத் திட்டவில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் டப்பாவைக் குறை சொல்ல வாயே திறக்கக் கூடாது. யோசெமிட்டியில் 1998இல் மட்டும் கரடிகளால் 1,500க்குமேல் சேதச் சம்பவங்கள், கார்க் கதவின் மேல் சட்டத்தை மடக்கிக் கீழே இறக்கின காலம். சாப்பாட்டு மூட்டையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டதெல்லாம் பலிக்கவில்லை, கயிற்றையே கடித்தன. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள். ஏழு வருடத்தில் என் சாப்பாட்டில் ஒரு கரடிக்கும் ஒரு பருக்கைகூடக் கிடைக்கவில்லை. விரிசல் இல்லை, மூடி தேயவில்லை (தேய்ந்திருக்கலாம்). முக்காலியாக உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் ஊற்றிக் காலுறை போட்டு ஆட்டித் துவைத்திருக்கிறேன். சாம்பார் வாசனை மட்டும் போகவில்லை. சோடா உப்பு, எலுமிச்சை, மூன்று நாள் வெயில், எதற்கும் மசியவில்லை.

போன வருடம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். சமையலறை மேல்தட்டிலிருந்து அதை எடுத்து, "எறும்பு ஏறாதுல்ல?" என்று கேட்டார். இதைத் திறக்க ஒரு டெக்னிக் இருக்கிறது என்று நான் ஆரம்பிப்பதற்குள் கட்டை விரலை வைத்து ஒரே திருகு, டக், டக். ஐம்பது வருடம் ஊறுகாய் ஜாடி திறந்த கை. "இதுக்கா இவ்வளவு புலம்புன?" என்றார். அங்கே குளிருமா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஆக, மச்சி, வாங்காதே. பெர்மிட் கொடுக்கிற இடத்திலேயே கறுப்பு டப்பா சொற்ப வாடகைக்குக் கிடைக்கும், காசை வைத்துத் திருகினால் எந்தக் குளிரிலும் திறக்கும். கொள்ளளவு ஒரு லிட்டருக்குமேல் குறையும், நடை முடிகிற இடம் வேறு என்பதால் அதைத் திருப்பி அனுப்புவது உன் பாடு. என்னுடையதை இரவல் கேட்டுவிடாதே. செப்டம்பரில் எவல்யூஷன் பள்ளத்தாக்குக்குப் போகிறேன், எனக்கு வேண்டும். தவிர இப்போது அதில் முறுக்கு இருக்கிறது.