நிஸ்வா, பஹ்லா, ஜப்ரீன்: ஓமானில் ஒரே நாளில் மூன்று கோட்டைகள்

மஸ்கட்டிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலா வண்டிகள் பலவும் நிஸ்வா கோட்டையோடு திரும்பிவிடுகின்றன. மேற்கே இன்னும் சுமார் 45 கி.மீ. போனால் ஜப்ரீன். ஓமான் கோட்டைகளில் உள்ளே பார்க்க இவ்வளவு இருப்பது வேறெதிலும் இல்லை. அதை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு.

மஸ்கட்–நிஸ்வா தூரம் சுமார் 160 கி.மீ. சாலை அருமை, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிஸ்வா வரை அரசுப் பேருந்து உண்டு. ஆனால் மூன்றையும் பார்க்க வாடகைக் கார்தான் சரி. வெள்ளிக்கிழமை காலை நிஸ்வாவில் ஆட்டுச் சந்தை கூடும். அதையும் பார்க்க ஆசைப்பட்டால் விடிந்ததும் போய்விடுங்கள். தாமதித்தால் பார்க்கிங் கிடைக்காது, சந்தையும் கலைந்துவிடும்.

நிஸ்வா கோட்டையைக் கட்டியவர் 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப். அதன் வட்டக் கோபுரத்தின் அடிப்பகுதி கல்லும் மண்ணும் இட்டு நிரப்பப்பட்டது. பீரங்கிக் குண்டு பட்டாலும், மேலே தங்கள் பீரங்கி வெடிக்கும் அதிர்விலும் அசையக்கூடாது என்பதே கணக்கு. படிக்கட்டில் ஏறும்போது நிமிர்ந்து பாருங்கள்: ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு துளை. கதவை உடைக்க வருபவர் தலையில் கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றும் வழி அது. பாகு வந்த இடத்தையும் கீழே காணலாம். வரிவரியாக வாய்க்கால் வெட்டிய தரையில் பேரீச்சை மூட்டைகளை அடுக்கினால், மேல்மூட்டையின் பாரத்தில் பாகு கசிந்து ஓடி ஒரே இடத்தில் சேரும். கோபுர உச்சியில் நிழலே இல்லை. பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது. படிகள் குறுகல், செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்க்கட்டே போதும் என்று நின்றுவிடலாம்.

நிஸ்வாவுக்கும் ஜப்ரீனுக்கும் நடுவே வரும் பஹ்லா கோட்டை 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுடாத மண்செங்கல் சுவர் ஒவ்வொரு மழைக்கும் கரையும், பூசிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். அதனால் மறு ஆண்டே அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போய், சீரமைத்த பிறகு 2004இல்தான் மீண்டது. உள்ளே பொருட்களோ விளக்கப் பலகைகளோ அதிகம் இல்லை, வெற்று அறைகள்தான். முக்கால் மணி நேரம் தாராளம்.

மிச்ச நேரமெல்லாம் ஜப்ரீனுக்கு. நிஸ்வாவைக் கட்டியவரின் மகன் பில்அரப் 1670களில் கட்டிய மாளிகை இது. மரக் கூரைகளில் கொடியும் பூவுமாகத் தீட்டிய வண்ணம் இன்னும் தெரிகிறது. அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலித்தாலும் பாருங்கள். சூரிய சந்திர அறையில் ஜன்னல்கள் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. சூடான காற்று மேல்வழியே வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்வழியே நுழையும். வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே நின்றால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். விருந்தினர் மண்டபத்தின் தரைக்கடியில் காவலர் ஒளிந்திருக்கும் இடத்தையும், மாடியிலேயே குதிரை கட்டிய அறையையும் தேடிப் பாருங்கள். பில்அரப்பின் கல்லறையும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆடியோ கைடு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சுற்றினால் அறைக்கு அறை வழி குழம்பிப் பாதியைத் தவறவிடுவீர்கள்.

போக ஏற்ற காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் நண்பகலுக்கு மேல் இந்தப் பயணம் குழந்தைகளுக்கு ஆகாது. கிளம்புமுன் அன்றைய திறப்பு நேரத்தைப் பார்த்துவிடுங்கள், குறிப்பாக வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும். திரும்பும் வழியில் வெளிச்சம் மிச்சமிருந்தால் நிஸ்வாவில் ஃபலஜ் தாரிஸ் கால்வாயில் பத்து நிமிடம் நில்லுங்கள். 2006இல் யுனெஸ்கோ சேர்த்த ஐந்து நீர்க்கால்வாய்களில் அதுவும் ஒன்று.