பழைய பாரிஸ் தெருப் படங்களை மட்டக்களப்பில் பிரிண்ட் எடுப்பதென்றால்

சார்ல்ஸ் மார்வில் 1860களில் எடுத்த பாரிஸ் தெருப் படங்கள் பல, பாரிஸ் நகர அருங்காட்சியகங்களின் இணையத்தளத்தில் 2020 முதல் பெரிய அளவிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் சிலதைத் தரவிறக்கி டவுன் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் மேட் தாளில் பிரிண்ட் எடுத்து, பிரேமும் அங்கேயே போட்டேன்.

பிரிண்ட் அருமை. பாரிஸை அகன்ற வீதிகளோடு திருத்திக் கட்டிய அதிகாரி ஒஸ்மான் இடித்துத் தள்ளுவதற்கு முன் பழைய சந்துகளைப் பதிந்துவைக்கச் சொல்லி நகர நிர்வாகம் மார்விலுக்குக் கொடுத்த வேலை இது. கொலோடியன் என்ற ரசாயனக் கலவையை ஈரமாகப் பூசிய கண்ணாடித் தகட்டில் எடுத்ததாலே தெருவின் நடுக் கானில் தண்ணீர் மினுங்குவது, சுவரில் ஒட்டிய விளம்பரம், பாவிய கற்களின் இடுக்கு என்று எல்லாம் அப்படியே தெரிகிறது. ஆட்கள்தான் குறைவு, அந்தத் தகட்டுக்கு ஒளி பட நேரம் வேண்டும் என்பதால் நடந்து போனவர்கள் புகை மாதிரிக் கலைந்திருக்கிறார்கள், சிலர் இல்லவே இல்லை.

ஒரு குறை. அந்தக் காலத்தில் இந்தப் படங்களைப் பிரிண்ட் போட்ட, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளுக்கே உரிய கபில நிறத்தைக் கடைத் தம்பி கேட்காமலேயே கறுப்பு வெள்ளையாக்கிவிட்டார், கேட்டால் "பழசு மாதிரிக் கிடந்தது அண்ணே, கிளியர் பண்ணிட்டன்" என்கிறார்! சரி, முகம் சுளிக்காமல் திரும்ப அடித்துத் தந்தார், மேலதிகக் காசும் வாங்கவில்லை.

பிரேம் சுமார்தான். பின்பக்கம் ஹார்ட்போர்ட், ஓரத்துக்கு டேப்கூட ஒட்டவில்லை, வாவிக் காற்றுக்கும் மார்கழி மழைக்கும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்காது. பிரிண்டை அங்கே எடுங்கள், பிரேமை வேறு இடத்தில் போடுங்கள்.