ஆறு வருட ஹெட்ஃபோனும் ஒரு வாளித் தண்ணீரும்

குன்னூர் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "டேய், அந்த சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோன் இன்னும் வச்சிருக்கியா? வாங்கலாமா? ஒரே வார்த்தையில சொல்லு." எனக்கு அப்படிச் சொல்லத் தெரிந்தால் இதை ஏன் எழுதுகிறேன்!

1997-ல் வந்த மாடல், 300 ஓம் மின்தடை, ஓப்பன் பேக் (காது மூடியின் வெளிப்பக்கம் திறந்தே இருக்கும், வெளிச் சத்தம் உள்ளே வரும்), இதெல்லாம் அவனுக்கே தெரியும். போனில் நேராகச் செருகினால் சவசவ என்று இருக்கும், ஒலியைப் பெருக்கித் தர நல்ல ஆம்ப் வேண்டும், அதுவும் தெரியும். காதில் படும் பஞ்சு அமுங்கிப் போனால் காது ஸ்பீக்கருக்கு நெருங்கி ஓசையே மாறிவிடும், நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன். சரி. நான் சொல்ல வந்தது பாட்டோடு கேட்ட ஒரு 'ம்ம்ம்' பற்றி.

கோத்தகிரி வீட்டில் முதல் நான்கு வருடம் இடது காதோரம் ஒரு இரைச்சல். பாட்டு ஓடும்போது தெரியாது என்பார்கள், பொய். ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுகிறவரின் கச்சேரியைப் போட்டுப் பாருங்கள், தம்புராவின் பஞ்சமம் 104 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும், வீட்டுக் கரண்டின் இரைச்சல் 100-ல் நிற்கும். பக்கத்தில் யாரோ சுருதி சேராமல் கூடவே முனகுவது போல இருக்கும். ஆம்ப் மாற்றினேன், கேபிள் மாற்றினேன், அந்தக் காசில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்திருக்கும்.

ஒரு மாசி மாத ராத்திரி கரண்ட் போனது. ஆம்ப் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது, பாட்டு ஓடிய லேப்டாப்புக்கு பேட்டரி இருந்தது, அதனால் பாட்டு நிற்கவில்லை, லேப்டாப் சார்ஜர் மட்டும் செத்தது. அந்த நொடியில் இரைச்சலும் செத்தது. மிருதங்கத்தின் இடது பக்கத்தில் எழும் கும்கி நாதம் அப்படி உருண்டு வந்து அடங்கியதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பின் தகட்டைத் தொட்டால் சுருசுரு என்று இழுத்ததை இத்தனை நாள் குளிர் என்று நினைத்திருக்கிறேன், மண்டு.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "எர்த் குழி காஞ்சு கெடக்கு தம்பி, கீழ பாறை வேற." சார்ஜரில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய குழி அது, அது வேலை செய்யாததால்தான் சுருசுருப்பும் இரைச்சலும். உப்பும் கரியும் போட்டுப் புதிதாகக் குழி எடுத்தார். வெயில் காலத்தில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இரைச்சல் போயே போச்சு. ஹெட்ஃபோன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதைத் திட்டிய திட்டெல்லாம் வீண்.

ஆனால் ஐப்பசி வந்தால் எர்த் குழிக்கு வானமே தண்ணீர் ஊற்றும், அதே மழை தகரக் கூரையில் கொட்டும், ஓப்பன் பேக்கில் அது முழுக்க உள்ளே வரும், பாடகர் ஆலாபனை ஆரம்பிப்பதும் தெரியாது முடிப்பதும் தெரியாது. அப்புறம் பனிமூட்டம். அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு படுக்க வைக்காவிட்டால் பஞ்சில் பூஞ்சை பிடித்துவிடும். கணக்குப் போட்டால் வருடத்தில் உருப்படியாகக் கேட்பது ஐந்தாறு மாதம்.

அதனால் அவனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஒரு மூடிய ஹெட்ஃபோன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு என்று. "அப்போ உன்னோடதைக் கொடு, நான் வச்சுக்கறேன்" என்றான். போனை வைத்துவிட்டேன்.