திருப்பிக் கேட்ட சத்துமாவும் அதை வாங்கிக்கொண்ட ஹட்டன் கடையும்

ஹட்டன் டவுனில் நாங்கள் மாதச் சாமான் எடுக்கும் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன், இந்தச் சத்துமா விவகாரத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். மா கம்பனியின் பெயரையும் விடுகிறேன், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பி.எச்.ஐ.யிடம் முறைப்பாடு போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

சோளமும் சோயாவும் சேர்த்து அரைத்த மா அது. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சவும், சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிக்கவும் எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் இருக்கும். அதில் ஒரு பெட்ச்சில் அஃப்ளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு அளவுக்கு மேல் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று கம்பனி அறிவித்தது. எங்கே? பேஸ்புக்கில், சிங்களத்திலும் இங்கிலீஷிலும். தமிழில் ஒரு வரி கிடையாது. விற்கிற பெக்கட்டில் தமிழை இவ்வளவு பெரிதாக அச்சடிக்கிறவர்களுக்கு, பிள்ளைக்குக் கொடுக்காதே என்று சொல்ல மட்டும் தமிழ் கிடைக்கவில்லையா? பெட்ச் நம்பர் இருக்கிற இடம் அதைவிட மோசம், ஒட்டின மடிப்புக்குள்ளே, ஈரக் கை பட்டால் அழிகிற மையில். இந்த மலைக் குளிரில் யாரும் மாவைப் பெக்கட்டிலேயே வைப்பதில்லை, வாங்கி வந்ததும் டின்னில் கொட்டுவோம், வெறும் பெக்கட் அடுப்புக்குப் போய்விடும். போன் எடுத்துக் கேட்டால் பெக்கட்டும் பில்லும் இருந்தால்தான் பேச்சே, அதுவும் காசு இல்லையாம், வேறு பெக்கட் தருவார்களாம்.

கடைக்காரர் செய்தது வேறு. பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, மார்க்கரால் பெட்ச் நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் விஷயத்தை எழுதித் தராசுக்கு மேலே தொங்கவிட்டார். அப்புறம் கடன் கொப்பியைப் புரட்டி, அந்த மாவை எடுத்தவர்கள் யார் யார் என்று பார்த்து, தோட்டத்துப் பக்கம் போகிற ஆட்டோக்காரர்களிடம் ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பிள்ளைக் காம்பராவுக்குச் செய்தி வந்ததே அப்படித்தான். “பெக்கட் இல்லாட்டிப் பரவாயில்லக்கா, டின்னோட கொண்டாங்க” என்றார். பாதி முடிந்த மாவுக்கும் முழுக் காசு கொடுத்தார், கடன் இருந்தவர்களுக்குக் கணக்கில் கழித்தார்.

நன்றாக வறுத்தால் சரியாகிவிடும் என்று இன்னமும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. பூஞ்சணம் செத்தாலும் அது விட்ட நஞ்சு மாவிலேயே கிடக்கும், நம் அடுப்புச் சூட்டுக்கு முழுசாக அழியாது, சலித்தாலும் போகாது. நிறமும் காட்டாது, வாசமும் காட்டாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஈரலைப் பிடிக்கும், புற்றுநோய் வரை போகும். ஒரேயடியாகக் கூடினால் அப்போதே ஆளைக் கொல்லும், 2004இல் கென்யாவில் ஈரம் பட்ட சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். நமக்கும் இந்தப் பெயர் புதிதில்லை, 2021இல் தேங்காய் எண்ணெய், 2022இல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் கொடுக்கும் திரிபோஷா மா என்று நாடே பேசியதுதான்.

வீணாகப் போகிறதே என்று கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, தீனியில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துப் பார்த்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். மாடு தின்றால் பாலில் இறங்கும். பால் கொடுக்கிற தாய்க்கும் அப்படித்தான்.

கடையில் எனக்கு இருக்கிற ஒரே குறை, பின்சுவரோரம் சாக்கில் வைத்து நிறுத்து விற்கும் சோள மா. மழைக்காலத்தில் அந்தச் சுவர் கசியும், நான் பார்த்திருக்கிறேன். சாக்கு மாவுக்குப் பெட்ச் நம்பரும் இல்லை, நாளைக்கு ஏதாவது என்றால் எதைச் சொல்லித் திருப்பிக் கேட்பது? முதலாளியிடம் நேராகவே சொன்னேன், பலகை அடித்துத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறேன் என்றார். இன்னும் அடிக்கவில்லை, அதுவரை அதை வாங்காதீர்கள். மற்றச் சாமானுக்குத் தாராளமாகப் போகலாம்.

வேறு கடையில் வாங்கி, அவர்கள் எடுக்க மாட்டோம் என்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்குப் போன் அடியுங்கள், இல்லை உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் டின்னோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.